பாடும் குருவியும் முரலும் தும்பியும்

குயில் கூவும், மயில் அகவும், கிளி மிழற்றும், வண்டு முரலும். சிறு வகுப்புகளில் மரபுச் சொற்களைக் கற்பிக்கும்போது இவற்றை வரிசையாக ஒப்புவிக்கச் செய்வது எம்போன்ற ஆசிரியர்க்கு வழக்கம். ஒலிக்கு ஒலி வேறு பெயர் வகுத்த நம் முன்னோர், அவ்வொலி எதன்பொருட்டு எழுகின்றது என்னும் ஆராய்ச்சியைப் பின்வந்தோர்க்கு விட்டுச் சென்றனர் போலும். குருவி பாடுவதும் வண்டு முரல்வதும் ஒரு தன்மையன அல்ல. அவ்வேறுபாடு ஓரினத்தைக் கரையேற்றி மற்றோரினத்தை நடுவெள்ளத்தில் நிறுத்தும் அளவுக்குப் பெரிது என்பதை, வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்த நிலத்திலே வாழும் இரண்டு சிற்றுயிர்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் யான் உணர்ந்தேன்.

ஒன்று, கேட்லண்டு என்பாரின் பெயர் பூண்ட பாடுங்குருவி. மற்றொன்று, முதுகிலே துருநிறப் பொட்டொன்றை அணிந்த காட்டு வண்டு. அழிவை நோக்கும் உயிர்களுக்கென அமெரிக்க அரசு வைத்திருக்கும் பட்டியலிலே 2017ஆம் ஆண்டு வண்டு சேர்ந்தது. 2019ஆம் ஆண்டு குருவி, பிழைத்துவிட்டது என்று தீர்க்கப்பட்டு, அப்பட்டியலினின்றும் நீங்கிற்று. ஒரு வாயிலால் ஒன்று வெளியேற, மறு வாயிலால் மற்றொன்று உட்புகுந்த இக்காட்சி எனக்கு வியப்பைத் தந்தது. குருவிக்குக் கைகொடுத்தது எது? வண்டுக்கு அது ஏன் வாய்க்கவில்லை?

குருவியை முதலில் நோக்குவோம். அதன் நிறை பதினான்கு கிராம் அளவே. முதுகு நீலங் கலந்த சாம்பல் நிறம். மார்பும் வயிறும் மஞ்சள். கிளையிலே அமர்ந்தால் வாலை மேலுங் கீழுமாக ஆட்டிக்கொண்டேயிருக்கும். பனிக்காலத்தைப் பகாமாத் தீவுகளிலே கழித்துவிட்டு, இளவேனிலிலே மிச்சிகன் மாநிலத்தை நாடி வந்து கூடு கட்டும். எல்லா மரமும் அதற்கு ஒவ்வா. ஜாக் பைன் என்னும் ஊசியிலை மரங்கள் மணற்பாங்கான நிலத்திலே பரந்து நிற்க வேண்டும். அவையும் இளமரங்களாக இருத்தல் வேண்டும். இம்மரத்தின் கூம்புகள் பிசினால் இறுகி மூடிக் கிடப்பன. காட்டுத்தீயின் வெப்பம் தாக்கினாலன்றி அவற்றுட் பெரும்பாலன வாய்திறந்து விதை சிந்துவதில்லை. தீக்குப்பின் முளைத்த கன்று ஐந்தாண்டளவு வளர்ந்ததும் குருவி வந்துவிடும். நிலத்தைத் தொடும் தாழ்கிளைகளின் மறைவிலே, தரையிலேயே கூடமைக்கும். இருபதாண்டு ஆகும்போது கீழ்க்கிளைகள் பட்டுப்போம். குருவியும் அவ்விடத்தை விட்டகலும். ஆகவே இப்பறவை பிழைக்க வேண்டுமாயின் எங்கேனும் ஒரு காடு எரிந்துகொண்டேயிருக்க வேண்டும். தீயை அணைக்கும் கலையில் மனிதன் வல்லவனானபோது, தான் ஒரு குருவியின் வீட்டை அழிக்கின்றான் என்பதை எங்ஙனம் அறிவான்?

1841ஆம் ஆண்டிலேயே பகாமாத் தீவுகளருகே ஒரு கப்பலிலே இக்குருவியொன்று அகப்பட்டது. எனினும் அது புதியதோர் இனமென அன்று எவரும் அறியவில்லை. 1851இல் கிளீவ்லந்து நகரருகே மருத்துவர் கேட்லண்டின் நிலத்திற் கிடைத்த குருவியே இனத்துக்குப் பெயர் தந்தது. அதன் கூட்டைக் காண மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. நோமன் வூட் என்பவர் 1903இல், ஓசேபிள் ஆற்றின் பக்கத்திலே முதற் கூட்டைக் கண்டார்.

இனிமேல்தான் நம் கதையின் உயிர்நிலை வருகின்றது. கூடு கட்டும் காலத்திலே ஆண்குருவி விடியலில் மரத்துச்சியில் ஏறி நின்று பாடும். நானூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும் உரத்த குரல் அது. 'இது என் எல்லை. ஈண்டு யான் உளேன்' என்பதே அப்பாட்டின் பொருள் என்று கொள்ளலாம். ஒவ்வோர் ஆணும் தனக்கென ஓர் எல்லை வகுத்து, அதனுள் நின்றே பாடும். எனவே யூன் மாத முற்பாதியிலே, செவியைத் தீட்டிக்கொண்டு காட்டுக்குள் நேர்கோடாக நடந்து, கேட்ட பாட்டுகளை வரைபடத்திற் குறித்துவந்தால், இனத்தின் தொகை முழுவதும் கைக்கு வந்துவிடும். 1951ஆம் ஆண்டு இவ்வாறு எண்ணியபோது 432 ஆண்குருவிகள் பாடின. பாடும் பறவையினம் ஒன்றை எஞ்சாமல் எண்ணிக் கணக்கிட்டது உலகில் அதுவே முதன்முறை என்பர். பத்தாண்டு கழித்து 1961இல் எண்ணினர், 502. மறுபடியும் 1971இல் எண்ணினர், 201.

இருநூற்றொன்று! பத்தாண்டுக்குள் பாதிக்கு மேல் மறைந்துவிட்டன. பாட்டு இல்லாதிருந்தால் இவ்வீழ்ச்சியை எவர் கண்டிருப்பர்? கணக்குத் தெரிந்ததும் காரணம் தேடினர், காரணம் கையகப்பட்டது. மாட்டுக்குருவி என்று மொழிபெயர்க்கத்தக்க ஒரு பறவை, நம் குயில் காக்கைக் கூட்டிலே முட்டையிடுவது போல, இக்குருவியின் கூட்டிலே முட்டையிட்டு வந்தது. அதன் குஞ்சு முந்திப் பொரித்து, பருத்து வளர்ந்து, இரையெல்லாவற்றையும் தானே உண்டுவிடும். அக்காலத்திலே நூற்றுக்கு எழுபது அளவான கூடுகள் இவ்வாறு கெட்டன. 1972இல் பொறிக்கூண்டுகளை வைத்து மாட்டுக்குருவிகளைப் பிடிக்கத் தொடங்கினர்; கெடும் கூடுகள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்தன.

பொறியில் அகப்பட்டவை கொல்லப்பட்டன. ஈது எனக்கு உவப்பான செய்தியன்று. பெருஞ்சமவெளியிலே காட்டெருமைக் கூட்டத்தைத் தொடர்ந்து திரிந்த பறவை அது. கிழக்கே அடர்ந்த காடுகளை வெட்டி அதற்கு வழி திறந்தவன் மனிதன், தண்டமோ பறவைக்கு. எனினும் அதைச் செய்யாதிருந்தால் கேட்லண்டுக் குருவி இன்று நூலகத்துப் படங்களிலேயே வாழும் என்பதையும் மறுத்தற்கில்லை.

பொறி வைத்தும் எண் உடனே ஏறவில்லை. 1974இல் 167, பதின்மூன்றாண்டு கழித்து 1987இலும் அதே 167. வீழ்ச்சி நின்றது, ஏற்றம் இல்லை. கூடு பிழைத்தாலும் குடியேற இளங்காடு போதாமையே இதற்குக் காரணம். அவ்விளங்காடு வந்த வழி துன்பமானது. 1980ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், இக்குருவிக்கு வாழிடம் ஆக்கும் பொருட்டு மக் ஏரியருகே வனத்துறையினர் மூட்டிய தீ கட்டுமீறிப் பாய்ந்தது. ஏறத்தாழ 24,000 ஏக்கர் எரிந்தது. 44 வீடுகள் சாம்பலாயின. தீயை எதிர்த்து நின்ற வனத்துறைப் பணியாளர் ஒருவர் உயிர் நீத்தார். சிறு பறவையொன்றின் பொருட்டு ஒரு மனிதவுயிர் போயிற்றே என்று அன்று பலர் மனம் கொதித்திருப்பர். கொதிப்பது நியாயமே. ஆனால் அந்த எரிந்த நிலத்திலே முளைத்த கன்றுகள் பத்தாண்டிலே குருவிக்கேற்ற காடாயின. அங்கேயே இனம் பெருகத் தொடங்கிற்று. அதன்பின் தீயை நம்பாது, முற்றிய மரங்களை வெட்டி, ஆண்டுதோறும் கன்றுகளை நட்டு வருகின்றனர். 2001இல் பாடும் ஆண்கள் ஆயிரத்தைத் தாண்டின. 2021இல் 2,245 இணைகள் இருந்தனவாகக் கணக்கிட்டனர். 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே இத்தொகை மீண்டும் குறைந்திருந்தது. பட்டியலினின்று நீங்கியதனால் கவலையும் நீங்கிவிடவில்லை. ஆயினும் குறைந்தது என்பது அந்த ஆண்டே தெரிந்துவிட்டதைக் கவனிக்க. குருவி தன் கணக்கைத் தானே ஒப்புவிக்கின்றது.

இனி வண்டு. ஆங்கிலத்திற் பம்பிள் பீ எனப்படும் இவ்வகையைத் தமிழில் எங்ஙனம் வழங்குவது என்று சிறிது தடுமாறினேன். தேனீ என்றாற் பெட்டியில் வளர்ப்பது நினைவுக்கு வரும். நம் வீட்டு வளையிலும் தீராந்தியிலும் துளையிடும் கருவண்டு இதற்கு உறவே ஆயினும், இது அதுவன்று. பழைய நூல்களிலே வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பல பெயர்கள் உள. இன்று நம் சிறுவர் தும்பி என்று நூல் கட்டி விளையாடுவது வேறு பூச்சி. பழம்புலவர் தும்பி என்றது பூவிலே தேனுண்ணும் வண்டினத்தையே. அப்பழம் பொருளைக்கொண்டு இதனைத் துருப்பொட்டுத் தும்பி என்று அழைக்கின்றேன். குறை காண்போர் நல்லதொரு பெயர் தருவாராயின் ஏற்றுக்கொள்வேன்.

உடல் முழுதும் மயிர் அடர்ந்த பருத்த வண்டு இது. வேலைக்காரத் தும்பிகளுக்கும் ஆண்களுக்கும் முதுகின் பின்பாகத்திலே இரும்புத் துருப்போன்ற பொட்டு உண்டு, இராணிக்கு இல்லை. அமெரிக்காவின் 28 மாநிலங்களிலும் கனடாவின் தென்கிழக்கிலும் பரந்து வாழ்ந்த இனம். மிச்சிகனும் அதன் பழைய எல்லைக்குள் அடங்கும். பனிக்காலம் முழுவதும் இளைய இராணி தன்னந்தனியாக மண்ணுக்குள் உறங்கும். இளவேனிலின் தொடக்கத்திலே விழித்து, எலி விட்டுச்சென்ற வளையொன்றைத் தேடிப் பிடித்து, அதனுள்ளே குடித்தனம் தொடங்கும். கோடையிலே நூற்றுக்கணக்கான மக்கள். இலையுதிர்காலம் முடியும்போது கிழவியும் மக்களும் எல்லாரும் மாள்வர்; கருவுற்ற இளைய இராணிகள் மட்டும் மீண்டும் மண்ணுக்குள் இறங்குவர். ஒரு குலத்தின் வருங்காலம் முழுவதும் ஒரு சாண் மண்ணுக்குள்ளே ஐந்தாறு மாதம் கிடக்கின்றது.

எம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, தேனீயைத்தான் பண்ணைகளிலே இலட்சக்கணக்கில் வளர்க்கிறார்களே! பிறகு அது எப்படி அருகிப்போகும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பெட்டியில் வளர்வது ஐரோப்பியர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற தேனீ. அது கோழி, ஆடு போன்ற வளர்ப்புயிர். அதன் பெருக்கத்தைக் கொண்டு காட்டுத் தும்பி நலமாயுளது என்பது, கோழிப்பண்ணையைக் காட்டிக் காட்டிலே பறவைகள் செழிக்கின்றன என்பதை ஒக்கும். அன்றியும், தும்பி செய்யும் தொழில் ஒன்றை வளர்ப்புத் தேனீ செய்யமாட்டாது. தக்காளி, புளூபெரி முதலியவற்றின் மகரந்தப் பைகள் உப்புக்குடுவை போல நுனியிலே சிறு துளை மட்டும் உடையன. குலுக்கினாலன்றிப் பொடி உதிராது. தும்பி அப்பையைப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்குந் தசைகளை அதிர்க்கும். அப்போது எழும் 'ரீங்' என்ற ஓசையுடன் மகரந்தம் பொழியும்.

மரபுச் சொல்லின் நுட்பம் எனக்கு விளங்கியது இவ்விடத்தில்தான். குருவியின் பாட்டு பிறர் செவிக்கென்று எழுவது. தும்பியின் முரற்சி எவரையும் நோக்கி எழுவதன்று. தச்சனின் வாள் ஒலிப்பது போலத் தொழிலின் ஒலி அது. தொல்காப்பிய மரபியல் தும்பியை நாலறிவுயிர்களுள் வைத்து, செவியறிவை அதற்குக் கொடாது விட்டது. அவ்வகுப்பினை இன்றைய விலங்கியலார் முழுதும் ஒப்பார். எனினும், கேட்பாரை நோக்காது ஒலிக்கும் உயிர் என்ற அளவிலே எனக்கு அது பொருத்தமாகவே தோன்றுகின்றது. வேடிக்கை என்னவெனில், கேட்லண்டுக் குருவி கோடையின் கடைசியிலே விரும்பித் தின்பது புளூபெரிப் பழத்தை. அப்பழம் காய்க்கத் தும்பியினத்தின் அதிர்வு வேண்டும். ஒன்றின் குரலைக் கேட்டு ஓடிச்சென்றோம். அதன் பழத்துக்கு உழைத்த மற்றொன்றின் குரலைக் கேளாது விட்டோம்.

1990களின் பிற்பகுதி தொடங்கித் துருப்பொட்டுத் தும்பி நூற்றுக்கு 87 என்னும் அளவுக்குக் குறைந்தது என்று அமெரிக்க வனவுயிர்த்துறை மதிப்பிட்டது. கனடாவிலே 2009ஆம் ஆண்டில் ஒன்று காணப்பட்டதே கடைசி. காரணம் யாது? குருவிக்கு மாட்டுக்குருவியைச் சுட்டியது போல ஒன்றைச் சுட்ட இயலவில்லை. பயிர்களிலே தெளிக்கும் நஞ்சு, புல்வெளிகளின் அழிவு, பருவமாற்றம், நோய் எனப் பலவும் கூறுவர். றொபின் தோர்ப் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். தக்காளிப் பண்ணைகளின் பொருட்டு 1990களிலே தும்பி இராணிகளை ஐரோப்பாவிலே பெருக்கித் திரும்பக் கொண்டுவந்தபோது, நொசீமா என்னும் குடல்நோயும் உடன் வந்து காட்டுத் தும்பிகளைத் தொற்றியிருக்கலாம் என்பது அது. இஃது இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. நோய்க்குப் பொறிக்கூண்டு வைக்க முடியாது. நஞ்சுக்கு எல்லைக்கோடு கீற முடியாது.

எண்ணுவதும் எளிதன்று. ஒரு குருவி பாடினால் ஒரு குடி உண்டென்று எழுதிக்கொள்ளலாம். ஒரு பூங்காவிலே நூறு தும்பி கண்டால் நூறு குடி என்று எழுத முடியுமா? அந்நூற்றுவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருத்தல் கூடும். இனத்தைப் பெருக்குபவள் இராணி ஒருத்தியே. கூட்டைத் தேடலாமெனின், அது மண்ணுக்குள் எலிவளையில் இருக்கின்றது. குடி குறைந்தால் மேலும் ஒரு கேடு விளையும். கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும், கருவுறாததிலிருந்து ஆணும் பிறப்பது தும்பிக்கு இயல்பு. நெருங்கிய உறவுக்குள் மணம் நேர்ந்தால், வேலைக்காரப் பெண்களாகப் பிறக்கவேண்டிய முட்டைகளிற் பாதி, மலட்டு ஆண்களாகப் பிறந்துவிடும். அவை உழைப்பதுமில்லை, குலத்தை வளர்ப்பதுமில்லை. பார்ப்போர்க்கு வண்டுகள் பறந்துகொண்டேயிருக்கும். உள்ளே குடி இற்றுக்கொண்டிருக்கும்.

சட்டமும் இவ்வேற்றுமையைப் பின்பற்றியே நடந்தது. அமெரிக்காவிலே 1967ஆம் ஆண்டு வெளியான முதற் பட்டியலில் 78 உயிரினங்கள் இடம்பெற்றன. கேட்லண்டுக் குருவி அவற்றுள் ஒன்று. முதுகெலும்பில்லாத உயிர் ஒன்றேனும் அதில் இல்லை. பட்டாம்பூச்சிகள் சில 1976இல் நுழைந்தன. தேனீ வகையில் எவையேனும் நுழைய 2016ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவை அவாய்த் தீவுகளைச் சேர்ந்த ஏழினங்கள். அமெரிக்கப் பெருநிலத்திலே முதலாவது இத்துருப்பொட்டுத் தும்பி. கலிபோனியா மாநிலத்திலே நிகழ்ந்தது இன்னும் சுவையானது. அம்மாநிலச் சட்டம் பூச்சியைப் பெயர் சுட்டிக் காப்பதில்லை. ஆனால் 'மீன்' என்ற சொல்லுக்கு அது தரும் வரைவிலக்கணத்திலே முதுகெலும்பில்லா உயிர்களும் அடங்கும். எனவே 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, தும்பிகளையும் மீன் என்ற பெயரின் கீழ்க் காக்கலாம் எனத் தீர்ப்பளித்தது! இலக்கண ஆசிரியனாகிய யான் இதனை எவ்வகை ஆகுபெயரில் அடக்குவது என்று இன்னும் ஆலோசிக்கின்றேன். நகைப்புக்கிடமாயினும் தீர்ப்பை யான் குறை கூறேன். பெயர் மாறியேனும் உயிர் பிழைக்கட்டும்.

நகைக்க இயலாத செய்தி இலினோய் மாநிலத்தது. பழம்புல்வெளிகளுக்குப் பெயர்போன அம்மாநிலத்திலே, அவற்றுள் இன்று எஞ்சியது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றே கூடிய அளவு. றொக்போட் விமானநிலையத்தை அடுத்து அத்தகையதொரு துண்டு, பெல் போல் புல்வெளி என்ற பெயருடன் எஞ்சியிருந்தது. சரக்குப் போக்குவரத்தை விரிவாக்க அதனூடே வழி சமைக்கத் திட்டமிட்டனர். 2021 ஓகஸ்டிலே துருப்பொட்டுத் தும்பி அங்கே காணப்பட்டது, வேலை நின்றது. ஆராய்ந்தனர், வழக்காடினர். 2023 மார்ச்சிலே, தும்பி பறக்கும் பருவம் தொடங்குமுன்னரே, இயந்திரங்கள் புகுந்து புல்வெளியின் ஒரு பாகத்தைக் கீறிச் சென்றன. மார்ச்சு மாதம் இராணிகள் மண்ணுக்குள் உறங்கும் காலம் என்பதை மேலே கூறினேன். அம்மண்ணுக்குள் ஓர் இராணி கிடந்தாளா, இல்லையா? எவரும் அறியார். அவள் பாடமாட்டாள்.

இவ்வளவிலும் எதிர்பாராததொரு நன்மை உண்டு. குருவிக்கு ஊர் ஒதுங்கிய பெருங்காடு வேண்டும். தும்பிக்கோ இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை இடையறாது பூத்திருக்கும் செடிகளே வேண்டும். அவை வீட்டு முற்றத்திலும் அமையலாம். இன்று இத்தும்பி காணப்படும் இடங்களுட் பல மினியாப்பொலிஸ், மடிசன், சிக்காகோ முதலிய நகரங்களும் அவற்றின் சுற்றுப்புறங்களுமே. மினசோற்றா மாநிலம் 2019இல் இதனைத் தன் மாநிலத் தேனீயாக்கிக் கொண்டது. அங்குள்ள மக்கள் தத்தம் தோட்டத்திற் கண்ட தும்பிகளைப் படம் பிடித்து அனுப்புகின்றனர். அறிந்தோர் பார்த்து இனம் குறிக்கின்றனர். குருவிக்குச் செவி செய்த வேலையை வண்டுக்குக் கண் செய்ய முயல்கின்றது எனலாம். வேலை பெரிது, எண் இன்னும் நிச்சயமாகவில்லை.

ஒரு குடியை மற்றொரு குடியினின்று பிரித்தறிய விரும்புவோர் கோடைக்காலத்திலே வலையுடன் புல்வெளிக்குச் செல்வர். அகப்பட்ட தும்பியைச் சிறு குப்பியிலிட்டுப் பனிக்கட்டியின்மேல் வைப்பர். குளிரால் அது அசைவற்றுக் கிடக்கும் சிறு பொழுதிலே முதுகின் பொட்டைப் படம் பிடித்து, காலின் நுனியிலே ஒரு துணுக்கைக் கத்தரித்தெடுத்து, பின்பு அதனை ஓர் இலையில் விடுவர். உடல் சூடேறியதும் அது முரன்றுகொண்டு பறந்துபோம். இன்னதாயின் மகள் இது என்பதை அந்தக் கால்துணுக்குச் சில மாதங் கழித்துச் சோதனைச்சாலையிலே தெரிவிக்கும்.